பகைவன் வீட்டுக் குழந்தை

தர்மம் கொடுப்பதைப் பற்றி நம்மவர்கள் எழுதி வைத்திருப்பதற்குக் கணக்கே இல்லை. தர்மம் கேட்பதைப் பற்றித்தான் அதிகமாக யாரும் எழுதவில்லை. எழுதியவர்களும் இரப்பது இழிவு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே போய்விட்டார்கள். தனக்காகக் கேட்பதை அப்படிச் சொன்னால் சரி. பிறருக்காகக் கேட்கிறவன் இருக்கிறானே, அவன் பாடு ஒரு தனிப் பாடு. ரசீதுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் தெருமுனையில் திரும்பும்போதே, 'அப்பா ஊரில் இல்லை' என்று சொல்வதற்கு வீட்டுக்கு வீடு ஒரு குழந்தை தயாராகிவிடும்.

அதிலும் கஷ்டமான கேள்வி ஒன்று உண்டு. நாலு வருஷம் நம்மோடு சண்டை போட்டு நம் பிள்ளைகளைக் கொன்றவனுடைய குழந்தைக்குப் பால் வாங்கக் காசு கொடுங்கள் என்று நம்மிடமே வந்து கேட்டால்?

1919-ஆம் வருஷம் லண்டனில் ஒரு பெண்மணி அப்படிக் கேட்டார். அவர் பெயர் எக்லன்டைன் ஜெப். அவருடைய கதையை வெறும் புண்ணியக் கதையாகச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு அதில் வேறு விஷயங்கள்தாம் கண்ணில் படுகின்றன. ஓர் ஊரே இறுகிப் போயிருக்கும்போது அதன் பையை எப்படித் திறக்க வைப்பது என்ற சாமர்த்தியம் ஒன்று. அந்தச் சாமர்த்தியத்துக்கு எங்கே எல்லை கட்டுவது என்ற சங்கடம் இன்னொன்று.

முதலில் ஊர் எப்படி இறுகிக் கிடந்தது என்பதைப் பார்த்துவிட வேண்டும். 1918 நவம்பர் 11-ஆம் தேதி துப்பாக்கிகள் ஓய்ந்தன. ஆனால் யுத்தத்தின்போது ஜெர்மனியையும் ஆஸ்திரியாவையும் சுற்றி நேச நாடுகள் போட்டிருந்த கடல் முற்றுகை ஓயவில்லை. சமாதான உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கும் வரையில் பிடியை விடக்கூடாது என்பது நேச நாட்டுச் சர்க்கார்களின் யோசனை. ஜெர்மனியின் மீது இருந்த முற்றுகை 1919 ஜூலையில்தான் முழுவதும் நீங்கிற்று. அதாவது சண்டை நின்று எட்டு மாதம் ஆன பிறகு. நடுவில் ஒரு குளிர்காலம் வந்து போனது. வியன்னா நகரத்தில் பால் இல்லை, நிலக்கரி இல்லை, கொழுப்பு என்று சொல்லக்கூடிய எந்தப் பண்டமும் இல்லை. எலும்பு வளைந்த குழந்தைகள் ஆஸ்பத்திரிக் கட்டில்களில் கிடந்தார்கள். லண்டனிலோ அப்போது தேர்தல் ஜுரம். எரிக் கெடஸ் என்ற மந்திரி, எலுமிச்சம்பழத்தை விதை கீச்சிடும் வரையில் பிழிவதுபோல ஜெர்மனியைப் பிழியப் போகிறோம் என்று மேடையில் பேசிக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தார். கைதட்டியவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்களில் பலருடைய வீட்டில் பிள்ளையின் படம் சுவரில் மாட்டியிருந்தது. பிள்ளை பிரான்ஸ் தேசத்து மண்ணுக்குள் இருந்தான்.

பத்திரிகைகளில் பட்டினிச் செய்தி அதிகமாக வரவில்லை. வராத செய்தியைத் தேடி எடுத்தவர் எக்லன்டைனின் தங்கை டாரதி பக்ஸ்டன். யுத்த காலத்திலேயே அனுமதி பெற்று எதிரி நாட்டுப் பத்திரிகைகளைத் தருவித்து, அவற்றின் சாரத்தைக் கேம்பிரிட்ஜிலிருந்து வெளிவந்த ஒரு பத்திரிகையில் வாரா வாரம் கொடுத்து வந்தவர் அவர். எதிரி என்ன எழுதுகிறான் என்று படிப்பதே துரோகம் என்று நினைத்த காலம் அது. அந்த மொழிபெயர்ப்பு வேலையில் அக்காளும் சேர்ந்துகொண்டார். அங்கேதான் பட்டினி அவர் கண்ணில் பட்டது.

எக்லன்டைன் 1876-ல் பிறந்தவர். இங்கிலாந்தின் மேற்கே ஷ்ராப்ஷயரில் நல்ல வசதியான குடும்பம். ஆக்ஸ்போர்டில் சரித்திரம் படித்தார். பிறகு ஏழைக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போனார். ஒரு வருஷத்துக்கு மேல் தாங்கவில்லை. தமக்கு அந்த வேலைக்கு வேண்டிய சுபாவமே கிடையாது, குழந்தைகளோடு ஒட்ட முடியவில்லை என்று தாமே எழுதியிருக்கிறார். அவருக்குக் கல்யாணமும் ஆகவில்லை, பிள்ளையும் இல்லை. உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் உரிமைச் சாசனம் எழுதப் போகிறவரைக் கதையில் நான் இப்படிப் படைத்திருந்தால், பாத்திரப் படைப்பு பொருந்தவில்லை என்று வாசகர்கள் கடிதம் போட்டிருப்பார்கள். எனக்கு என்னவோ அவரிடம் மரியாதை கூடுவதே இதனால்தான். குழந்தையைக் கண்டால் உருகுகிறவர்கள் உருகிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இவர் உருகாமல் கணக்குப் போட்டார். கேம்பிரிட்ஜில் ஒரு தர்ம ஸ்தாபனத்தில் சேர்ந்து, அந்த ஊரின் வறுமையைத் தெருத் தெருவாக ஆராய்ந்து 1906-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஒரு நீண்ட நாவலும் எழுதினார், அது அச்சேறவில்லை. 1913-ல் பால்கன் யுத்தத்தில் வீடிழந்தவர்களுக்கு நிவாரணம் வழங்க மாஸிடோனியாவுக்குப் போனார். எரிந்துபோன கிராமங்களிலிருந்து வந்து, கிழிசல் கம்பளிக்குள் சுருண்டு கிடந்த அகதிக் குடும்பங்களை அங்கே பார்த்தார்.

1919 தொடக்கத்தில், முற்றுகையை நீக்கச் சொல்லிக் கிளர்ச்சி செய்வதற்காகப் பஞ்ச எதிர்ப்புக் கவுன்ஸில் என்று ஒரு சபை லண்டனில் ஏற்பட்டது. சகோதரிகள் இருவரும் அதில் முன் நின்றார்கள். ஏப்ரல் மாதத்தில் எக்லன்டைன் டிரபால்கர் சதுக்கத்தில் நின்று துண்டுப் பிரசுரம் கொடுத்தார். அதில் ஓர் ஆஸ்திரியக் குழந்தையின் படம். வயது இரண்டரை, உடம்போ கைக்குழந்தையின் உடம்பு, தலை மட்டும் பெரிதாக இருக்கும். இதைச் செய்தது நம்முடைய முற்றுகைதான் என்று கீழே அச்சிட்டிருந்தது. யுத்தகாலப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் அமலில் இருந்தது. தணிக்கை அதிகாரியிடம் காட்டாமல் பிரசுரம் கொடுப்பது குற்றம். போலீஸார் அவரையும், பார்பரா அயர்டன் கூல்டு என்ற தோழியையும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மே மாதம் விசாரணை. எக்லன்டைன் வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை; தாமே பேசினார். சட்டப்படி பார்த்தால் தப்ப வழி இல்லை என்பது அவருக்குத் தெரியும். அதனால் சட்டத்தை விட்டுவிட்டு நியாயத்தைப் பேசினார். சர்க்கார் தரப்பில் வழக்கு நடத்தியவர் ஸர் ஆர்ச்சிபால்டு பாட்கின். கடுமைக்குப் பேர்போன மனிதர். பின்னால் சர்க்கார் வழக்குத் துறைக்கே தலைவராகி, ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிஸிஸ்' நாவலில் கடைசிப் பகுதியை மட்டும் படித்துவிட்டு, இது ஆபாசம், நாட்டுக்குள் விடக்கூடாது என்று 1922-ல் தீர்த்துச் சொன்னவர் இவரே. அப்படிப்பட்டவர், கோர்ட்டு ஐந்து பவுன் அபராதம் விதித்து முடிந்ததும், குற்றவாளியிடம் வந்து ஐந்து பவுன் நோட்டு ஒன்றை நீட்டினார். அந்த அம்மையார் அதை அபராதத்துக்குக் கட்டவில்லை. குழந்தைகளுக்கென்று எடுத்து வைத்தார். 'குழந்தைகளைக் காப்பாற்றும் நிதி' என்ற ஸ்தாபனத்துக்கு வந்த முதல் நன்கொடை அதுதான் என்று சொல்கிறார்கள். நாவலின் ஒரு பகுதியை மட்டும் படித்துத் தீர்ப்புச் சொன்னவர் என்ற கோபம் எழுத்தாளன் என்ற முறையில் எனக்கு அவர்மேல் உண்டு. இந்த ஐந்து பவுனுக்காக அதில் பாதியைக் கழித்துக்கொள்கிறேன்.

மே 19-ஆம் தேதி, லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் பொதுக்கூட்டம். ஆயிரக்கணக்கில் ஜனங்கள் வந்தார்கள். எல்லோரும் கொடுக்க வந்தவர்கள் அல்ல. அழுகின ஆப்பிளைப் பையில் போட்டுக்கொண்டு வந்தவர்களும் உண்டாம், துரோகிப் பெண்கள் மீது வீசுவதற்கு. எக்லன்டைன் எழுந்தபோது குரல் எழும்பவில்லை. பேசப் பேசத்தான் ஏறியது. டாரதி ஒரு டப்பாப் பாலை உயரத் தூக்கிக் காட்டி, உலகத்து மதக் கோட்பாடுகள் எல்லாவற்றையும்விட இந்த டப்பாவுக்குள் இருக்கும் தர்மம் அதிகம் என்ற பொருள்படப் பேசினார். ஆப்பிள்கள் பைக்குள்ளேயே இருந்துவிட்டன. கூட்டத்தில் தட்டு சுற்றி வந்தது.

இதில் நான் கவனிக்கிறது ஒன்று. டிரபால்கர் சதுக்கத்துப் பிரசுரம் குற்றம் சாட்டியது. 'நீ செய்தாய்' என்றது. ஆல்பர்ட் மண்டபத்தில் டப்பா யாரையும் குற்றம் சொல்லவில்லை. 'இதை வாங்கிக் கொடு' என்றது. ஒரே மாதத்தில் பேச்சின் பாணியே மாறிவிட்டது. முற்றுகை சரியா தப்பா என்று கேட்டால் இருபது பேர் இருபது பதில் சொல்வார்கள். இந்தக் குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா என்று கேட்டால் பதில் ஒன்றுதான். ஏழு வயதுக்கு உட்பட்டவர்களில் எனக்குப் பகைவர் யாரும் இல்லை என்று பெர்னார்ட் ஷா சொன்னதாகச் சொல்கிறார்களே, அதுவும் இந்தப் பாணிதான். ஆனால் இப்படி மாறியதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. பட்டினிக்குக் காரணமானவனைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தால்தானே எல்லோரிடமும் கை நீட்ட முடியும்? தங்கைக்கு இது ஒத்துவரவில்லை. டாரதி அரசியலைத் திருத்துகிற வேலைக்கே திரும்பிப் போய்விட்டார். அக்காள் நிதியோடு தங்கினார். இரண்டு பேரில் யார் செய்தது சரி என்று என்னைக் கேட்டால், இரண்டு பேரும் ஒரு வீட்டில் பிறந்தது அந்தக் குழந்தைகளின் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன்.

பணம் திரட்டுவதில் எக்லன்டைன் காட்டிய துணிச்சல் அந்தக் காலத்துப் பெரிய மனிதர்களுக்குப் பிடிக்கவில்லை. சோப்பு விற்கிறவர்களைப் போலப் பத்திரிகையில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தார். விளம்பரத் தொழில் தெரிந்த ஆளைச் சம்பளத்துக்கு வைத்தார். தர்மப் பணத்தில் விளம்பரமா என்று கேட்டவர்களுக்கு, வியாபாரி தன் லாபத்துக்குச் செலுத்துகிற புத்தியை நாம் குழந்தையின் உயிருக்குச் செலுத்தக்கூடாதா என்ற முறையில் பதில் சொன்னார். இங்கிலாந்தில் இருக்கிற ஒரு குடும்பம் வெளிநாட்டில் ஒரு குறிப்பிட்ட குழந்தையைப் பெயர் சொல்லித் தத்தெடுத்தாற்போல் ஏற்று, மாதா மாதம் பணம் அனுப்பும் ஏற்பாட்டையும் கொண்டுவந்தார். மூன்று லட்சம் குழந்தைகள் என்றால் மனசு மரத்துப்போகிறது. ஒரு மரியா, ஒரு யோஹான் என்றால் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கதை எழுதுகிறவர்களுக்கு இது பழைய ரகசியம்.

மதத் தலைவர்களிடமும் போனார். கான்டர்பரி ஆர்ச்பிஷப் முதலில் தயங்கினார். எக்லன்டைன் பிராடஸ்டன்ட் மதத்தவர். இருந்தும் ரோமாபுரிக்கே எழுதினார். போப் பதினைந்தாம் பெனடிக்ட், 1919 டிசம்பர் 28-ஆம் தேதி உலகத்துக் கத்தோலிக்கக் கோயில்களில் எல்லாம் மத்திய ஐரோப்பாவின் குழந்தைகளுக்காக நிதி திரட்டும்படி உத்தரவிட்டார். ஏரோது அரசன் கொன்ற குழந்தைகளை நினைத்துக்கொள்ளும் திருநாள் அது. ரோமாபுரி கொடுக்கும்போது கான்டர்பரி சும்மா இருக்க முடியுமா? ஆங்கிலிக்கன் கோயில்களிலும் தட்டு சுற்றியது. 1920 ஜனவரியில் ஜினீவாவில் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆதரவில் சர்வதேசக் குழந்தை உதவி யூனியன் ஒன்று உருவாயிற்று.

படம் காட்டிப் பணம் கேட்கிற இந்த வழியை அவர்தாம் கண்டுபிடித்தார் என்று நினைக்க வேண்டாம். அவர் பிறந்த 1876-லேயே நம் சென்னை ராஜதானியில் தாது வருஷப் பஞ்சம் தொடங்கிவிட்டது. 1877-ல் சென்னைக் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு லண்டன் மேயருக்கு உதவி கேட்டுத் தந்தி கொடுத்தார். ராஜப் பிரதிநிதி லிட்டன் பிரபுவுக்கு அது அவமானமாகப் பட்டது. ஆனாலும் இங்கிலாந்தில் ஆறு லட்சம் பவுனுக்கு மேல் திரண்டது. அப்போது ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி, எலும்பும் தோலுமான நம் ஜனங்களை வரிசையாக உட்கார வைத்துப் படம் பிடித்தார். அந்தப் படங்கள் இன்றும் கிடைக்கின்றன. பார்த்துவிட்டு உடனே வேறு வேலை பார்க்க முடியாது. படம் எடுத்தவர் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றவில்லை, படம் எடுத்து அனுப்பிவிட்டார் என்று அக்காலத்திலேயே அவரைப் பழித்தார்கள். பசித்தவனின் உடம்பைக் காட்டித்தான் பசிக்குப் பணம் வாங்க வேண்டியிருக்கிறது என்பது இந்தத் தொழிலின் தீராத சங்கடம். அந்த ஆஸ்திரியக் குழந்தையின் தாயாரிடம், உன் மகளை லண்டன் தெருவில் காட்டலாமா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

1921-ல் ருஷ்யாவில் வால்கா நதிப் பிரதேசத்தில் பெரும் பஞ்சம் வந்தது. யுத்தமும் புரட்சியும் உள்நாட்டுச் சண்டையும் தானியக் களஞ்சியங்களைத் துடைத்துவிட்டுப் போன பிறகு மழையும் பொய்த்தது. அந்தப் பஞ்சத்தில் சுமார் ஐம்பது லட்சம் பேர் மாண்டார்கள். துருவப் பிரதேசங்களைக் கண்டு வந்த நான்ஸன், செப்டம்பர் மாதக் கடைசியில் ஜினீவாவில் சர்வதேச சங்கத்தின் முன் நின்று, வரப்போகும் பனிக்காலத்துக்குள் உதவி வேண்டும் என்று மன்றாடினார். சர்க்கார்கள் கையை விரித்துவிட்டன. போல்ஷ்விக்குகளுக்கு உதவுவதாக ஆகிவிடும் என்ற பயம். நான்ஸன் பஞ்சப் படங்களை எடுத்துக்கொண்டு தேசம் தேசமாக நேரே ஜனங்களிடம் போனார்.

எக்லன்டைனின் நிதியும் இறங்கியது. அந்த மாதமே 'டார்செல்லோ' என்ற கப்பலில் 600 டன் சரக்கு புறப்பட்டது. ஸாராட்டவ் பகுதியில் சமையற்கூடங்கள் திறந்தன. மும்முரமான காலத்தில் தினம் மூன்று லட்சம் குழந்தைகள் சாப்பிட்டார்கள். லண்டனிலோ, இருபது லட்சம் பேர் வேலையில்லாமல் தெருவில் நிற்க, போல்ஷ்விக் குழந்தைக்குச் சோறா என்று 'டெய்லி எக்ஸ்பிரஸ்' பத்திரிகை பிடித்துக்கொண்டது. பஞ்சமே மிகை என்றும் எழுதிற்று. இந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது. வேலையில்லாதவன் வீட்டுக் குழந்தையும் குழந்தைதானே? நிதிக்காரர்கள் வாதாடிக்கொண்டிருக்காமல் ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரரை ருஷ்யாவுக்கு அனுப்பிச் சலனப் படம் எடுத்து வரச் செய்தார்கள். 1922 ஆரம்பத்தில் ஊர் ஊராக மண்டபங்களில் அதைக் காட்டினார்கள். மிகை என்று சொன்னவர்கள் அதைப் பார்த்துத் தீர்மானித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

ருஷ்யாவில்தான் இந்தத் தர்மத்தின் கடினமான பாடம் நடந்தது. அங்கே மிகப் பெரிய அளவில் சோறு போட்டது அமெரிக்கர்கள். ஹூவரின் நிவாரண ஸ்தாபனம் 1922 ஆகஸ்டில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு உணவு கொடுத்தது. அவர்கள் சமையற்கூடத்தில், குழந்தை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும், வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது என்று விதி. எடுத்துப்போனால் பெரியவர்கள் தின்றுவிடுவார்கள், குழந்தை சாகும் என்பது நியாயமான பயம். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஏழு வயதுப் பையன் சூடான சாதத்தையும் கோகோவையும் வயிறாரச் சாப்பிடுகிறான். வெளியே அவன் தாயார் பனியில் நிற்கிறாள். நாளைக்கு அவள் இறந்துவிட்டால், காப்பாற்றிய குழந்தையை யார் கையில் கொடுப்பது? குழந்தைகளுக்கு மட்டும் என்று தொடங்கியவர்கள் எல்லோரும் சில மாதங்களிலேயே பெரியவர்களுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஸாராட்டவிலும் அப்படியே. விளம்பரத்தில் குழந்தையைத் தனியாக நிற்க வைக்கலாம். வாழ்க்கையில் அது தனியாக நிற்பதில்லை. இது போதாதென்று, 1922 கடைசியில் ருஷ்ய சர்க்கார் வெளிநாட்டுக்குத் தானியம் விற்கத் தொடங்கிய செய்தி வந்தது. நன்கொடை கொடுத்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. சமையற்கூடத்தில் கிண்ணத்தோடு நின்ற குழந்தைக்கு அந்த வியாபாரத்தில் பங்கு கிடையாது என்பதை மறுபடியும் முதலிலிருந்து எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

ஒவ்வொரு தடவையும் இப்படிக் கெஞ்ச வேண்டியிருக்கிறதே என்ற அலுப்புத்தான் எக்லன்டைனை அடுத்த காரியத்துக்குத் தள்ளியது என்று நினைக்கிறேன். 1923-ல் ஜினீவாவில் உட்கார்ந்து ஐந்தே ஐந்து அம்சங்களில் ஒரு சாசனம் எழுதினார். ஒரே தாளில் அடங்கும். ஆபத்துக் காலத்தில் உதவி முதலில் குழந்தைக்குப் போக வேண்டும் என்பது அதில் ஓர் அம்சம். இன்ன தேசத்துக் குழந்தை, இன்ன கட்சிக்காரன் குழந்தை என்ற பேச்சே இல்லை. 1924 செப்டம்பரில் சர்வதேச சங்கம் அதை ஏற்றது. இதுவரை இரக்கம் என்று கேட்டதை இனிமேல் பாத்தியதை என்று கேட்கலாம் என்பது அதன் அர்த்தம். 1959-ல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட பிரகடனத்துக்கும், 1989-ல் செய்துகொண்ட உடன்படிக்கைக்கும் அந்த ஒற்றைத் தாள்தான் மூலம். ஆனால் பாத்தியதை வந்த பிறகும் உண்டியல் ஓயவில்லை.

ஜினீவாவில் இருந்தபோது எக்லன்டைனுக்குத் தலை பஞ்சாக நரைத்துவிட்டது. உடம்பு எப்போதும் சுகமில்லை. நண்பர்கள் அவரை 'வெள்ளைச் சுடர்' என்று அழைத்தார்கள். 1928 டிசம்பர் 17-ஆம் தேதி அந்த ஊரிலேயே காலமானார். வயது ஐம்பத்திரண்டு.

அதற்கு இரண்டு மூன்று வருஷங்களுக்கு முன்னால், எல்லை மாறியதால் ஊரை விட்டு வந்த அகதிக் குடும்பங்களுக்காக நிதிக்காரர்கள் பல்கேரியாவில் ஒரு கிராமமே கட்டிக் கொடுத்தார்கள். இப்போது டப்பாப் பால் மட்டும் இல்லை. தாய் தகப்பனுக்கும் சேர்த்து வீடு. நிதியின் தலைவராக இருந்த ஸ்காட்லாந்துப் பிரபு ஆத்தால் பெயரால் அந்தக் கிராமத்துக்கு ஆட்டலோவோ என்று பெயரிட்டார்கள். ஊர் இன்றும் இருக்கிறது, பெயரும் அதேதான்.